ஆனைமலையில் மிளகாய் அரைக்கப் போகிறவர்களுக்கு

பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் ஆனைமலையில் இருக்கும் மாசாணியம்மன் சன்னதிக்குப் புதிதாக வருகிறவர்கள் அம்மன் முகத்தைத் தேடுவதற்குள்ளேயே வரிசை அவர்களைத் தள்ளிக்கொண்டு போய்விடும். இங்கே அம்மன் நிற்கவுமில்லை, உட்காரவுமில்லை. தெற்கே தலைவைத்து, சுமார் 15 அடி நீளத்துக்கு மல்லாந்து படுத்திருக்கிறாள். கைகளில் கபாலம், சூலம், உடுக்கை, நாகம். தலைமாட்டில் பார்வையை வைத்து அப்படியே கால்மாடு வரை கொண்டு போனால், நகர்ந்துகொண்டே முழு உருவத்தையும் பார்த்துவிடலாம்.

இது மயானத்துச் சாமி. ஆற்றில் மிதந்து வந்த மாங்காயைத் தின்றாள் என்பதற்காக நன்னன் என்ற குறுநில மன்னன் ஒரு பெண்ணைக் கொன்றான்; அவளைப் புதைத்த இடத்தில் எழுந்ததுதான் இந்த வழிபாடு என்பது தலத்துக் கதை. அவளுக்கு ஈடாக 81 யானைகளையும் அவள் எடைக்குப் பொன்னால் செய்த பாவையையும் கொடுக்க முன்வந்தும் நன்னன் கேட்கவில்லை என்று குறுந்தொகை 292ஆம் பாட்டில் பரணர் சொல்கிறார். நியாயம் கிடைக்காமல் செத்தவளிடம்தான் ஊர் நியாயம் கேட்கிறது. கல்யாணம், குழந்தை என்று வேண்டி வருகிறவர்களும் உண்டு. ஆனால் நகை களவு போனவர்கள், பணம் கொடுத்து ஏமாந்தவர்கள், பங்காளித் தகராறில் நிலத்தை இழந்தவர்கள் நேராகப் போவது, மிளகாய் அரைத்துப் பூசி நியாயம் கேட்கும் நீதிக்கல்லுக்கு.

அதற்குத் தேவை வரமிளகாய். ஒரு கைப்பிடி போதும். கிலோக்கணக்கில் அரைத்தால் வழக்கு சீக்கிரம் தீரும் என்று யாரும் சொன்னதில்லை. முதலில் அம்மனைக் கும்பிட்டுக் குறையைச் சொல்லிவிட்டு வர வேண்டும். அரைக்கிற கல் கோயிலிலேயே இருக்கிறது. காம்பைக் கிள்ளி, மிளகாயைத் தண்ணீரில் நனைத்துவிட்டு அரைக்கவும். காய்ந்தபடியே போட்டால் நெடி கிளம்பி, அரைப்பவருக்கு மட்டுமல்ல, பக்கத்தில் நிற்கிறவர்களுக்கும் இருமல் நிற்காது. தண்ணீர் அதிகமானாலும் தொல்லைதான்: விழுது கல்லில் ஒட்டாமல் வழிந்து காலில் சொட்டும். துவையல் பதம் சரியாக இருக்கும். அதை எடுத்து நீதிக்கல்லில் பூசிவிட்டுக் குறையை மனதில் சொல்ல வேண்டும்.

கை எரியும். உடனே குழாயைத் தேடி ஓடுவதில் பயனில்லை; மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். ஒரு சின்ன பாட்டிலில் தேங்காயெண்ணெய் கொண்டுபோய்க் கையில் நன்றாகத் தேய்த்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவவும். கண்ணில் லென்ஸ் போடுபவர்கள் அன்றைக்குக் கண்ணாடியோடு வருவது நல்லது. கைக்குழந்தையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டுத்தான் கல்லுக்குப் போக வேண்டும்.

பலர் பாதியில் விடுவது இதற்கு அடுத்த கட்டத்தைத்தான். காரியம் முடிந்ததும் திரும்பி வந்து, மிளகாய் பூசிய கல்லுக்கு எண்ணெய்க் காப்பு செய்து அம்மனைக் குளிர்விக்க வேண்டும். எரிச்சலைக் கொடுத்தவர்தான் அதை ஆற்றவும் வேண்டும் என்பது இங்குள்ள முறை. தீர்ப்புக் கிடைத்தவுடன் மறந்துவிடுவது நம் ஆட்களுக்குக் கைவந்த கலை.

தை அமாவாசையன்று கொடியேறி, 18 நாள் திருவிழா. கூட்டம் வருவது பதினேழாம் நாள் காலைக் குண்டத்துக்கு, அதாவது தீமிதிக்கு. ஆண்கள் குண்டம் இறங்குவார்கள். பெண்கள் இறங்குவதில்லை, கையால் பூ அள்ளிக் கொடுப்பார்கள். பூ என்பது தணல்தான். ஈரச்சேலையின் முந்தானையை இறுகச் செருகிக்கொண்டு குனிய வேண்டும். குனியும்போது அது தணலில் விழுவதே பெரிய ஆபத்து. இறங்குகிறவர்கள் ஓடக்கூடாது. ஓடினால் முன்பாதம் தணலுக்குள் புதையும், தடுக்கி விழவும் வாய்ப்புண்டு.

ஆனால் விழாவின் உயிர் குண்டத்தில் இல்லை, பதினாலாம் நாள் நள்ளிரவு மயான பூஜையில் இருக்கிறது. ஆழியாற்றங்கரை மயானத்து மண்ணாலேயே அம்மனைப் படுத்த கோலத்தில் செய்கிறார்கள். பூஜையில் அருள் வந்து ஆடும் அருளாளி அந்த உருவத்தைச் சிதைத்து ஒரு பிடி மண், பிடிமண், எடுப்பார். மறுநாள் சக்தி கும்பம் வைப்பது அந்தப் பிடிமண்ணைக் கொண்டுதான். குண்டம் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் அந்த மண் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்காமலே போகிறார்கள்.

கோவையிலிருந்து வந்தால் உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ், அங்கிருந்து ஆனைமலைக்கு. சேத்துமடை போகிற பஸ்ஸும் ஆனைமலை வழிதான். செவ்வாய், வெள்ளி, அமாவாசை நாட்களில் கல்லுக்கே வரிசை நிற்கும். மிளகாய் அரைக்க மட்டும் வருகிறவர்கள் புதன், வியாழன் காலையில் வந்தால் நிதானமாக அரைக்கலாம். மயான பூஜைக்கு வருகிறவர்கள் டார்ச் எடுத்துக்கொள்ளவும். ஆற்றங்கரை மேடுபள்ளமானது. திரும்பிப் போக வண்டியை முன்பே பேசி வைத்துவிட வேண்டும்.