சி வரிசை, ஏழாம் குழி

அக்டோபர் 14
அம்மாவுக்கு மூன்றாம் நாள். 103 டிகிரி.

அக்டோபர் 16
டெங்கு இல்லை, மலேரியா இல்லை. சீட்டில் ஸ்க்ரப் டைபஸ் ஐஜிஎம் எலைசா என்று எழுதிவிட்டார்கள். சிற்றுண்ணி கடித்து வரும் காய்ச்சலுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் ஐஜிஎம் என்ற ஆன்டிபாடியை ரத்தத்தில் தேடும் சோதனை; எங்கள் ஆய்வகத்தில் நான் போடுவதுதான். ரத்தத்தை நான் எடுக்கவில்லை, கை நடுங்கும். மாதிரிகள் சேர்ந்தால்தான், குழிக்கு ஒரு மாதிரியாக, தட்டைப் போடுவோம். “நாளைக்கு வாருங்கள்” என்று ஜன்னல் வழியாக எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்!

அக்டோபர் 17
இன்று போட்டோம். நிறமியை விட்டு இருட்டில் வைத்து எடுத்தபோது ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் பாசிட்டிவ் கன்ட்ரோல் நீலமாகியிருந்தது; அமிலம் விட்டதும் பளிச்சென்று மஞ்சள். பக்கத்துக் குழிகள் இரண்டிலும் மஞ்சள். அம்மாவின் சி 7 மட்டும் நிறமே இல்லாமல் வெறும் தண்ணீர்போல் கிடந்தது. 450 நானோமீட்டரில் படித்தால் பாசிட்டிவ் என்று சொல்வதற்கான கட்-ஆஃப் எல்லைக்கு வெகு கீழே.

ஐந்தாம் நாள் ரத்தம். முதல் வாரம் முடிகிற சமயத்தில்தான் ஐஜிஎம் தலைகாட்டும், அதற்கு முன் வரும் நெகட்டிவை நம்பாதே என்று பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் ஓதுகிறவளே நான்தான். ஆனாலும் அந்த எண்ணைப் பார்த்ததும் மனம் குளிர்ந்துபோனது. அடி முட்டாளே.

இரவு
ஈரத் துணியால் உடம்பு துடைக்கும்போது மார்புக்கு அடியில், மடிப்புக்குள், கறுத்த பொருக்கு. சிகரெட்டால் சுட்டதுபோல, சுற்றிலும் சிவப்பு வளையம். “வலிக்கவே இல்லையே, எதற்குச் சொல்வது?” என்கிறாள். வேலியோரம் புல் அறுத்துப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். கடிப்பது சிற்றுண்ணியின் இளம்புழு மட்டும், கண்ணுக்கே படாது. டாக்டர் பார்த்த மாத்திரத்தில் டாக்ஸிசைக்ளின் தொடங்கிவிட்டார். சோதனை முடிவு வரும்வரை காத்திருக்கிற நோய் இல்லையாம் இது.

அக்டோபர் 18
சி 7.

ஆய்வகத்தில் மூத்தவர் வெயில்-ஃபீலிக்ஸ் போட்டுப் பார்க்கலாமே என்கிறார். 1916-இல் பிறந்த சோதனை. புரோட்டியஸ் என்ற வேறொரு கிருமியைக் காட்டி டைபஸ் ஆன்டிபாடியைப் பிடிக்கிற வித்தை. பிடிப்பதைவிடக் கோட்டை விடுவதே அதிகம். தலையாட்டிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 19
99. கஞ்சி வேண்டாம் என்று சண்டை போட்டாள்!

அக்டோபர் 22
பதினோராம் நாள். இரண்டாவது மாதிரி டாக்டருக்குத் தேவையில்லை. எனக்குத்தான் தேவை. ஐஜிஎம் இப்போது ஏறியிருக்க வேண்டும். ஏறாவிட்டால்?

“காய்ச்சல்தான் விட்டுவிட்டதே, இன்னும் எதற்கடி ஊசி?” என்று முணுமுணுத்துக்கொண்டே கையை நீட்டினாள். முதல் குத்தில் நரம்பு அகப்படவில்லை.

தட்டு நிரம்ப இன்னும் பன்னிரண்டு மாதிரிகள் வர வேண்டும்.