பாலைவனத்துக்கு நாள் குறிப்பது

பாலைவனப் பயணம் என்றதும் பெரும்பாலோர் முதலில் இடத்தைத் தேர்ந்தெடுத்து, பிறகு விடுமுறை கிடைக்கும் நாளுக்கு விமானச் சீட்டைப் பதிவு செய்கிறார்கள். நான் இம்முறை அந்த வரிசையைத் தலைகீழாக்கியிருக்கிறேன்: மாதத்தைச் சூரியனையும் தேதியை நிலவையும் பார்த்து முடிவு செய்துவிட்டு, அவை இரண்டுக்கும் ஒத்துவரும் பாலைவனம் எது என்று தேடத் தொடங்கினேன். மலைக்கோ கடற்கரைக்கோ செல்பவர்கள் ஒரு வாரம் முன்னே பின்னே போனாலும் பெரிதாக எதையும் இழந்துவிட மாட்டார்கள். பாலையில் நிழலுக்கு மரமோ மறைப்புக்கு மேகமோ இல்லாததால், வானத்தில் நடப்பவை எல்லாம் நேராக நம் தலைமீதே நடக்கின்றன.

மாதத்தை முடிவு செய்வது எளிது. கோடையில் போகக் கூடாது, அவ்வளவுதான். அமெரிக்காவின் டெத் வேலியில் 1913 ஜூலையில் பதிவான 56.7 டிகிரி செல்சியஸ்தான் இன்றுவரை காற்று வெப்பநிலையின் அதிகாரபூர்வ உலக உச்சம். ஈரானின் லூத் பாலைவனத்தில் தரையின் மேற்பரப்பு 70 டிகிரியைத் தாண்டியதை 2005-இல் செயற்கைக்கோள் அளந்திருக்கிறது. அதே நேரத்தில், குளிர்காலத்தில் போனால் வெயிலிலிருந்து தப்பிவிடலாம் என்று மெல்லிய பருத்திச் சட்டைகளை மட்டும் பெட்டியில் அடுக்குபவர்கள் இரவில் நடுங்குவார்கள். பகலில் மணல் வாங்கிய வெப்பத்தைப் பிடித்துவைக்கக் காற்றில் ஈரப்பதமும் மேலே மேகமும் இல்லாததால், சூரியன் மறைந்த சில மணி நேரத்திலேயே அது வானத்துக்குத் திரும்பிவிடுகிறது. கம்பளித் தொப்பியும் வெயில் தொப்பியும் ஒரே பையில் இருக்க வேண்டிய பயணம் இது. சகாரா, ஜோர்தானின் வாடி ரம், தார் ஆகியவற்றுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை பொருந்தும். மார்ச்சுக்குப் பிறகு எகிப்துப் பக்கத்தில் கம்சின் என்னும் புழுதிக் காற்று கிளம்பிவிடுகிறது. தென்கோளத்தில் கணக்கு மாறி, மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலமாகிறது. எனக்கு விடுமுறை ஜூலையில் என்பதால் வடகோளப் பாலைகள் அனைத்தும் அப்போதே கழிந்தன.

தேதி விஷயத்தில்தான் நான் நெடுநேரம் செலவிட்டேன். முழுநிலவு நாளில் மணற்குன்றுகளைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை பலருக்கும் உண்டு. கைவிளக்கு இல்லாமல் நடக்கும் அளவுக்கு வெளிச்சம் இருக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் மாலையில் சூரியன் மறையும் வேளையில் எழுகிற அந்த நிலவு விடியும்வரை இறங்காமல், இரவு முழுவதும் விண்மீன்களை விழுங்கிவிடும். அமாவாசைக்குப் போனால் பால்வீதி கிடைக்கும், குன்றுகள் கிடைக்கா. விடியலுக்கு முன் நடக்கும்போது பாதம் வைக்கும் இடம்கூடத் தெரியாது. நிலவு ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக எழுகிறது என்ற ஒரே விவரத்தை வைத்துக்கொண்டு நாட்காட்டியைப் புரட்டினால், இரண்டையும் பெறுவதற்கு வழி இருப்பது புலப்படும். வளர்பிறையின் எட்டாம் நாள் வாக்கில் நிலவு நள்ளிரவில் மறைகிறது. ஆகவே மாலையில் வெளிச்சமும் பின்னிரவில் இருளும் கிடைக்கும். இது பின்னிரவில் விழித்திருப்பவர்களுக்கு ஏற்றது. தேய்பிறையின் எட்டாம் நாள் வாக்கில் இதுவே மாறி, நள்ளிரவு வரை இருள், அதன்பின் நிலவு. முன்னிரவில் விண்மீன்களைப் பார்த்துவிட்டுத் தூங்கி, விடியலுக்கு முன் எழுந்து குன்றேற விரும்பும் எனக்கு இது கனகச்சிதமாகப் பொருந்துவதால், தேய்பிறை எட்டாம் நாளையும் அதையடுத்த இரு நாட்களையும் குறித்துக்கொண்டேன்.

இடம் அதன்பிறகு தானாகவே தெளிந்தது. சிலியின் அட்டகாமாவைச் சில காலம் யோசித்தேன். ஆனால் அங்கு முக்கியத் தளமான சான் பெத்ரோ ஊரே ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்தில் இருக்க, எல் தாத்தியோ வெந்நீர் ஊற்றுகள் 4,000 மீட்டருக்கும் மேலே இருப்பதால், உடல் உயரத்துக்குப் பழகுவதற்கே சில நாட்களை ஒதுக்க வேண்டியிருக்கும். தவிர, எனக்கு வேண்டியது மணல். பாலை என்றால் மணல் என்று நாம் எண்ணிக்கொண்டாலும் சகாராவிலேயே பெரும்பகுதி கல்லும் சரளையும்தான். மணற்குன்றுகள் அதில் ஒரு சிறு பங்கு. நமீபியாவின் சோசஸ்வ்லெய் பகுதியில் 300 மீட்டருக்கும் மேல் உயர்ந்த சிவந்த குன்றுகள் உள்ளன. ஜூலையில் பால்வீதியின் மையப்பகுதி நள்ளிரவுக்கு முன்பே அங்கு உச்சிவானத்துக்கு வந்துவிடுகிறது. பக்கத்திலிருக்கும் நமீப்ராண்ட் காப்பகம் 2012-இல் சர்வதேச இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது என்பது, நிலவை வைத்து நாள் குறித்த எனக்கு மேலதிக உறுதியாக அமைந்தது.

இங்கே தங்குமிடம் என்பது வசதியைவிட நேரத்தைப் பற்றிய முடிவு. சோசஸ்வ்லெய்க்குச் செல்லும் சாலையின் தொடக்கத்தில் இருக்கும் செஸ்ரியம் நுழைவாயில் சூரிய உதயத்தின்போதுதான் திறக்கும். வாயிலுக்கு உள்ளே தங்குபவர்களுக்கு மட்டும் ஒரு மணி நேரம் முன்பாகவே செல்ல அனுமதி உண்டு. வெளியே எவ்வளவு சொகுசான விடுதியில் தங்கினாலும், 45-ஆவது கிலோமீட்டரில் இருப்பதால் அதே எண்ணால் அழைக்கப்படும் ‘டூன் 45’ குன்றின் முகட்டில் நின்று உதயத்தைப் பார்க்க முடியாது. எனவே உள்ளே கூடாரம் அடிப்பது என்று தீர்மானித்துவிட்டேன். ஒரே இரவு தங்கிவிட்டு ஓடும் தொகுப்புச் சுற்றுலாக்கள்மீது எனக்கு நம்பிக்கை இல்லை. முதல் நாள் புழுதிக் காற்று கிளம்பினால் மறுநாள் என்ற ஒன்று கையில் இருக்க வேண்டும்.

குன்றேறுவதிலும் நேரமே பேசுகிறது. காற்று வீசும் பக்கத்துச் சரிவில் மணல் அழுந்தி ஓரளவு கெட்டியாக இருக்கும்; மறுபக்கத்தில் ஏறத்தாழ 34 டிகிரி சாய்வில் தளர்வாகக் குவிந்திருப்பதால், ஓரடி வைத்தால் முக்காலடி கீழே சரியும். இரண்டும் சந்திக்கும் முகட்டுக் கோட்டின்மீது, முன்னே சென்றவர் பதித்த குழிகளிலேயே பாதம் வைத்து ஏறுவதுதான் முறை. காலை பத்து மணிக்குமேல் வெறும் பாதத்துடன் நிற்பதைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

தண்ணீர் ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 4 லிட்டர். வியர்வை தோலில் தங்காமல் உடனே உலர்ந்துவிடுவதால் சட்டை நனையாது. முதுகில் வெள்ளையாய் உப்புக் கோடுகள் படிந்த பிறகுதான் எவ்வளவு இழந்தோம் என்பது தெரியும். அதனால் உப்புச்சத்துள்ள ஏதாவது தின்பண்டமும் பையில் இருக்கட்டும்.

வண்டி மட்டும் இன்னும் முடிவாகவில்லை. செஸ்ரியத்திலிருந்து 60 கிலோமீட்டர் தார்ச்சாலை. கடைசி 5 கிலோமீட்டர் ஆழ்ந்த மணல். அங்கே நான்கு சக்கர இயக்க வண்டியும், சக்கரக் காற்றை 15 முதல் 20 பிஎஸ்ஐ வரை குறைக்கும் பக்குவமும், திரும்பும்போது மீண்டும் நிரப்பக் கையடக்கப் பம்பும் வேண்டும். சாதாரணக் காரில் வந்து தார்ச்சாலை முடியும் இடத்தில் நிறுத்திவிட்டு, அங்கிருந்து இயங்கும் வண்டியில் ஏறிக்கொள்ளவும் வழி உண்டு. அந்த 5 கிலோமீட்டருக்காகப் பயணம் முழுவதும் விலையுயர்ந்த வண்டியை வாடகைக்கு எடுப்பது வீண் என்றே தோன்றுகிறது. ஆனால் பட்டுப்போன மரங்கள் நிற்கும் டெட்வ்லெய்க்கு விடிந்ததும் போய்ச் சேர வேண்டுமானால், முதல் வண்டி எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்பதை விசாரித்த பிறகே பணம் கட்ட வேண்டும்.