தடுப்பூசித் தாளில் ஓர் ஊர்ப்பெயர்

"போன வருஷம்தானேப்பா ஃப்ளூ ஊசி போட்டேன், மறுபடியும் எதுக்கு?" என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. பெட்டிக்குள் இருந்த தாளைப் பிரித்துக் காட்டினேன். பொடி எழுத்தில் 'ஏ/தாய்லாந்து/8/2022'. வைரஸின் வகை, கிடைத்த இடம், மாதிரி எண், ஆண்டு. முந்தைய ஊசியில் அதே இடத்தில் இருந்தது ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரம், 2021.

ஃப்ளூ வைரஸின் மரபுப்பொருள் எட்டுத் துண்டு ஆர்என்ஏ. தன்னை நகலெடுக்கும்போது விழும் பிழைகளைத் திருத்தும் வசதி அதற்கு இல்லை. ஆளுக்கு ஆள் தாவும்போது மரபுச் செய்தியில் அங்கங்கே ஓர் எழுத்து மாறுகிறது. பெரும்பாலும் வீண்தான். ஆனால் ஆன்டிபாடி, அதாவது கிருமியை எதிர்க்க உடல் செய்யும் புரதம், பிடிக்கும் மேற்புறப் புரதத்தில் மாறினால், பழைய ஊசி தந்த காவல் தளர்ந்துவிடும்.

அப்புறம் இன்னொரு வழியும் உண்டு. இரண்டு வைரஸ்கள் ஒரே செல்லுக்குள் புகுந்தால் துண்டுகள் கலந்துவிடும். 1968 ஹாங்காங் ஃப்ளூ அப்படி வந்ததுதான்: மனித வைரஸுக்குள் பறவை வைரஸின் இரண்டு துண்டுகள். அந்தத் தாளில் இருந்த தாய்லாந்து அதன் வாரிசு.

ஐம்பது வருஷத்துக்கு மேல் மாறிக்கொண்டே நம்மோடு வாழ்கிறது! எனக்கு இன்னும் பிரமிப்பு அடங்கவில்லை. அப்பா "சரி, போடச் சொல்லு" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.