காகிதக் கவண்பொறி: ஏழு டைல் வரை வந்தாச்சு

ஐஸ் குச்சியும் ரப்பர் பேண்டும் வைத்துச் செய்யும் கவண் ஐந்து நிமிட வேலை, எல்லாரும் செய்து பார்த்ததுதான். அதனால் இந்த முறை ரப்பரே இல்லாமல், கனம் விழும் வேகத்தில் மட்டும் எறியும் ட்ரெபுஷே செய்யலாம் என்று இறங்கினேன். கிணற்று ஏற்றம் பார்த்தவர்களுக்கு உடனே பிடிபடும்: குட்டைப் பக்கத்தில் கனம், நீளப் பக்கத்து நுனியில் நூலில் தொங்கும் கவண், அதாவது குண்டு வைக்கும் சின்னப் பை.

செய்தித்தாளை மூலைவாக்கில் வைத்து, விளக்குமாற்றுக் குச்சியோடு சேர்த்து இறுக்கமாக உருட்டி, மைதாப் பசை தடவினேன். பசை காய்வதற்குள் கட்டியதில் முதல் சட்டம் துவண்டு படுத்துவிட்டது. ஒரு ராத்திரி காய விடுங்கள். எறிகைக்கு 30 செ.மீ., குட்டைப் பக்கத்திலிருந்து 6 செ.மீ.யில் துளை, அச்சுக்குப் பழைய குடைக்கம்பி. துளை போட்ட இடத்திலேயே கை மடங்கியது, உள்ளே ஐஸ் குச்சி ஒன்றைச் செருகின பிறகுதான் நின்றது (கடைசியில் அதுவும் தேவைப்பட்டுவிட்டது).

கனத்துக்குப் பத்து 10 ரூபாய் நாணயங்கள். ஒன்று 7.71 கிராம், ஆக 77 கிராம் சொச்சம். சாமிக்குக் காசு முடிவதுபோல மஞ்சள் துணியில் முடிந்து தொங்கவிட்டேன். குண்டு, புளியங்கொட்டை.

"கண்ணுல கிண்ணுல பட்டுறப் போகுதுடா" என்று அம்மா சொல்லி வாய் மூடவில்லை, முதல் கொட்டை நேரே மேலே போய் ஃபேனில் பட்டு என் முதுகுக்குப் பின்னால் விழுந்தது. கனம் போதவில்லையோ என்று இன்னும் நாலு காசு சேர்த்தேன், அப்போதும் மேலேதான் போனது. கோளாறு கனத்தில் இல்லை, கவணின் வளையம் மாட்டியிருக்கும் நுனி ஊசியில். ஊசி நேராக இருந்தால் வளையம் சீக்கிரம் கழன்று கொட்டை வானம் பார்க்கும், ரொம்ப வளைத்தால் தாமதமாகக் கழன்று காலடியில் அறையும். இடுக்கியால் துளித்துளியாக வளைத்து, பதினைந்து எறிக்கு மேல் பார்த்த பிறகு கொட்டை ஏழாவது டைலில் விழுந்தது. இரண்டடி டைல், ஆக 14 அடி.

1304-இல் ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் கோட்டைக்காரர்கள் சரணடைய வந்தும், புதிதாகச் செய்த 'வார்உல்ஃப்' என்ற ராட்சச ட்ரெபுஷேயை எறிந்து பார்க்காமல் விடமாட்டேன் என்றாராம் முற்றுகையிட்ட இங்கிலாந்து ராஜா முதலாம் எட்வர்டு. கொடுமைதான், ஆனால் அந்த அரிப்பு எனக்குப் புரிகிறது.

அப்புறம் ஒரு சின்ன வேலை. எறியும்போது சட்டம் முன்னும் பின்னும் உதறிக்கொண்டே இருந்தது, சரி உருளட்டும் என்று அடியில் இரண்டு பென்சில் வைத்தேன். எட்டாவது டைலைத் தாண்டி ஃபிரிட்ஜுக்கு அடியில் போய்விட்டது. அதைத் தள்ளி எடுக்க விளக்குமாற்றைத் தேடிய அம்மா அப்போதுதான் அது இளைத்திருப்பதைப் பார்த்தார்.