சொல்யூஷன் டின்ல என்ன இருக்குனு கேட்டு வாங்கின கதை

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனில ஆறு வருஷம் பேஸ்டிங் வேலை பாத்தேன். சொல்யூஷன, அதாவது ஷூ ஒட்டற பசைய, பிரஷ்ல தொட்டு தோல்ல தடவணும், அவ்ளோதான். முதல் வாரம் தலை சுத்தும், அப்புறம் பழகிடும், பழகிட்டா ஒண்ணும் பண்ணாதுனு புதுசா வர்ற பொண்ணுங்களுக்கு நானே சொல்லிருக்கேன்.

ஒரு நாள் பஸ் இறங்கி வீட்டுக்கு வந்து பாத்தா ஒரு கால்ல செருப்ப காணோம். கழண்டு விழுந்ததே தெரியல, அப்படி மரத்துப் போயிருக்கு. சுகர் பாத்தாங்க, நார்மல். சத்து மாத்திரை ரெண்டு மாசம் முழுங்கினேன், மாடிப்படி ஏற முடியாம போனதுதான் மிச்சம். அடுத்து பாத்த டாக்டர்தான் "என்ன வேலைம்மா பாக்கற"னு கேட்டாரு, அதுவரைக்கும் ஒருத்தர் கேக்கல. டின் லேபிள போட்டோ எடுத்துட்டு வானு சொன்னாரு. எங்களுக்கு சின்ன கிண்ணத்துல ஊத்தித் தர்றது, அதுல ஏது லேபிள்?

ஸ்டோர்ல கேட்டா "உனக்கெதுக்கு"ங்கறாங்க. யூனியன் அக்காதான் சொன்னாங்க, அப்போ நடப்புல இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்துல 41-பினு ஒரு பிரிவு இருந்துச்சு, ஆபத்தான பொருள் புழங்கற இடத்துல அத பத்தி தொழிலாளிகிட்ட சொல்லியே ஆகணும், சேஃப்டி டேட்டா ஷீட், அதாவது அதுல என்ன இருக்கு, என்ன ஆபத்துனு போட்ட தாள், வேணும்னு எழுதிக் குடு, காப்பில சீல் வாங்கிக்கோனு. குடுத்தேன், பதினோரு நாள் இழுத்துதான் தந்தாங்க. மொத்தம் 16 பகுதி, எல்லாம் இங்கிலீஷ். மூணாவதுலதான் என்னென்ன கலந்திருக்குனு இருக்கும், அண்ணன் பொண்ணு எழுத்துக்கூட்டி படிச்சா: என்-ஹெக்சேன். பசைய கரைக்கறதுக்கு சேக்கற திரவம்.

அந்த பேர பாத்ததும் டாக்டர் நரம்புக்கு கரண்ட் வெச்சு பாக்கற டெஸ்ட் எழுதினாரு. நீளமான நரம்பதான் இது முதல்ல அடிக்குமாம், அதான் காலு. வேலைய விட்டாலும் சில மாசம் இன்னும் மோசமாகும், பயப்படாதனும் சொல்லி வெச்சாரு. சொல்லாம இருந்திருந்தா நான் உடைஞ்சிருப்பேன், ஏன்னா பேக்கிங்குக்கு மாத்தின பிறகும் ரெண்டு மாசம் சுவத்த பிடிச்சுதான் நடந்தேன்.

அப்புறம் தொழிலகப் பாதுகாப்பு ஆபீஸ்ல புகார் குடுத்தோம். குடுத்தவங்க பேர இன்ஸ்பெக்டர் வெளிய சொல்லக்கூடாதுனு அதே சட்டத்துல 118-ஏ இருந்துச்சு, அந்த தைரியம்தான். எங்களுக்கு தந்தது துணி மாஸ்க், சொல்யூஷன்ல இருந்து வர்ற ஆவிக்கு அது சும்மா. கார்பன் ஃபில்டர் வெச்சது வேணும். ஃபேனும் கூரை கிட்ட, ஆனா இந்த ஆவி காத்த விட கனம், மேல போகாது, டேபிள்லயே நிக்கும். இப்போ டேபிள் பக்கத்துலயே உறிஞ்சற குழாய் போட்டிருக்காங்க, கிண்ணத்துக்கு மூடியும் பேரும் வந்துடுச்சு.

கால் முக்காவாசி சரியாச்சு. செருப்பு மட்டும் பின்னாடி வார் வெச்சதுதான் வாங்கறேன்.