ஏரிகளை வைத்தே ஒரு வெள்ளத் திட்டம்: காவேரிப்பாக்கம் பக்கத்து அனுபவம்

2021 நவம்பரில் ராணிப்பேட்டை மாவட்டத்துப் பாலாறு அணைக்கட்டில் நொடிக்கு 1 லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் போனது. ஊரெல்லாம் ஆற்றைத்தான் பார்த்தது. ஆற்றிலிருந்து தள்ளி இருக்கும் எங்கள் ஊருக்கு வெள்ளம் ஏரி வழியாக வந்தது. மேல் ஏரி கோடி போய், அதாவது நிரம்பி வழிந்து, அடுத்த ஏரியில் விழ, அது தாங்காமல் கரை கசிந்து, நெல் வயல் முழுக்கத் தண்ணீர். அந்தப் போகம் போனதும், பாசன சங்கத்தில் இருந்த நாங்கள் சிலர் வெள்ளத்துக்கென ஒரு திட்டம் எழுதிக் கொடுப்பது என்று உட்கார்ந்தோம்.

புதிதாக அணை கேட்கலாம் என்றார்கள் சிலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1858-இல் கட்டிய பாலாறு அணைக்கட்டிலிருந்து காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி, சக்கரமல்லூர், தூசி என்று கால்வாய்கள் பிரிந்து ஏரி ஏரியாக நிரப்புகின்றன. மகேந்திரவாடி ஏரி மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. காவேரிப்பாக்கம் ஏரி மட்டுமே 1,474 மில்லியன் கன அடி பிடிக்கும். அதன் உபரி கொசஸ்தலை ஆறாகப் பூண்டி வரை போகிறது. சின்ன ஏரியும் லேசுப்பட்டதல்ல. 100 ஏக்கர் நீர்ப்பரப்பில் 3 அடி இடம் காலியாக இருந்தால் தோராயமாக 1 கோடியே 30 லட்சம் கன அடி நிற்கும். நொடிக்கு ஆயிரம் கன அடி ஓடிவந்தாலும் மூன்றரை மணி நேரம் தாங்கும். கீழே இருப்பவர்கள் மேட்டுக்குப் போக அந்த நேரம் போதும்.

முதல் சிக்கல் யாரிடம் கேட்பது என்பதுதான். ஆயக்கட்டு, அதாவது ஏரி பாயும் நிலம், 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் ஏரி நீர்வளத்துறையிடம், அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்திடம். ஒன்றின் உபரி அடுத்ததில் விழும் எங்கள் ஏரிச் சங்கிலியில் இரண்டு வகையும் மாறி மாறி வருகின்றன. தண்ணீருக்கு அந்த எல்லை தெரியாது, மனுவுக்குத் தெரியும். ஓர் அலுவலகத்தில் கொடுத்தது ‘எங்கள் வரம்பில் இல்லை’ என்று திரும்பி வந்தது. அப்புறம் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில், இரண்டு துறை அதிகாரிகளும் உட்கார்ந்திருக்கும்போது, சங்கிலி முழுவதையும் ஒரே வரைபடத்தில் போட்டு ஆட்சியரிடம் கொடுத்தோம். அதன் பிறகுதான் காரியம் நகர்ந்தது.

அந்த வரைபடத்துக்கு உதவியது ஏரி மெமாயர். ஒவ்வொரு ஏரிக்கும் பழைய காலத்தில் எழுதி வைத்த குறிப்பு அது. நீர்ப்பிடிப்புப் பரப்பு, முழு நீர்மட்டம், கரை உயரம், கலங்கல் (உபரி நீர் வழியும் தடுப்புச் சுவர்) நீளம், உபரி எந்த ஏரிக்குப் போகிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். நீர்வளத்துறையின் பிரிவு அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். அதோடு கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேடும் (நிலங்களின் சர்வே எண், பரப்பு, வகை உள்ள பதிவேடு) புலப்படமும் (நில அளவை வரைபடம்) வாங்கிக் கால்வாயின் சர்வே எண்ணைச் சரிபார்த்தோம். புலப்படத்தில் வண்டி போகும் அகலத்தில் இருந்த கோடிக்கால்வாய் (உபரி நீர் போகும் கால்வாய்), நேரில் போனால் ஓர் ஆள் தாண்டும் அளவுக்குச் சுருங்கியிருந்தது. நில அளவர் வந்து கல் நட்டபோது சண்டையும் வந்தது. ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007-லிருந்து தனிச் சட்டம் இருக்கிறது. ஆனால் கால்வாய்க் கரையில் நிலம் வைத்திருப்பவர்களோடு முதலில் உட்கார்ந்து பேசியதால்தான் பாதிப் பேராவது தாங்களே வரப்பைத் தள்ளிப் போட்டார்கள்.

இதைவிடக் கடினம் எங்களுக்குள் நடந்த பேச்சு. வெள்ளத்தைப் பிடிக்க ஏரியில் இடம் வேண்டும். பயிருக்கு ஏரி நிறைய வேண்டும். மழை நின்றதும் இன்னும் அரை அடி பிடிக்கட்டும் என்று கலங்கல் மேல் மணல் மூட்டை அடுக்குவது எங்கள் பக்கம் வழக்கம். அடுத்த மழையில் அந்த அரை அடிதான் கரையை உடைக்கும். மதகு திறந்து மூடும் பெரியவர் ஒருவர் கேட்டார்: “தம்பி, அக்டோபர்ல தண்ணிய விட்டுட்டு, கார்த்திகைல மழை வரலைன்னா நாத்துக்கு யார் பதில் சொல்றது?” நியாயமான கேள்வி. பாலாற்றை நம்பி வருடக்கணக்கில் ஏமாந்த மண் இது.

கடைசியில் ஒப்புக்கொண்டது இதுதான்: வடகிழக்குப் பருவமழையின் முதல் பாதியில் முழு நீர்மட்டத்துக்குக் கீழே கொஞ்சம் இடம் விடுவது, கார்த்திகை பிறந்ததும் வானிலை பார்த்து நிரப்புவது, மூட்டை அடுக்குவதை அறவே நிறுத்துவது. மேல் ஏரியில் மதகு திறக்கும் முன் கீழ் ஏரிக்காரருக்குப் போன் செய்வது. 1903-இல் பாலாற்றின் மேலே பேத்தமங்கலம் ஏரி உடைந்து வாணியம்பாடி அழிந்ததை நான் அந்தக் கூட்டத்தில் சொன்னேன். ஓர் ஏரி உடைந்தால் அடுத்ததும் தாங்காது என்பது இங்கே யாருக்கும் புதிதல்ல. அதன் பிறகு எதிர்ப்பு குறைந்தது.

வேலையின் வரிசையையும் மனுவில் அழுத்தமாக எழுதினோம். தூர்வாருவதைக் கடைசி ஏரியின் கோடிக்கால்வாயிலிருந்து தொடங்கி மேலே வர வேண்டும். மேலே முதலில் அகலப்படுத்தினால், வேகமாக வரும் தண்ணீர் கீழே அடைபட்டு ஊருக்குள் திரும்பும். மேல் ஊர்க்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை, தங்கள் வேலை பின்னால் போகிறதே என்று. வண்டல் மண்ணை அவர்கள் வயலுக்கு முதலில் எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிச் சமாதானம் செய்தோம்.

இப்போது கீழ்க் கோடிக்கால்வாய்க்கு மதிப்பீடு தயாராகியிருக்கிறது. மேல் ஏரிகளில் துருப்பிடித்த மதகுக் கதவுகளை மாற்றுவது இன்னும் பேச்சளவில் நிற்கிறது. ஏரி வற்றும் கோடையில்தான் இந்த வேலை ஆகும் என்பதால், அடுத்த குறைதீர் கூட்டத்துக்கு அந்த மனுவை இப்போதே எழுதி வைத்திருக்கிறோம்.