கிந்தனாரும் அப்பாவும்

காலையில் அப்பா கைபேசியில் ‘நல்லதம்பி’ படத்தில் வரும் கிந்தனார் காலட்சேபம் (பாட்டோடு கதை சொல்வது) பார்த்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த காபி ஆடை கட்டிப்போய்விட்டது, ஒரு வாய் குடிக்கவில்லை.

நந்தனார் சாமியைப் பார்க்க ஏங்கினார் என்றால், இந்தக் கிந்தன் படிக்க ஏங்குகிறான். காலட்சேபம் செய்யும் நகைச்சுவை நடிகர் என்.எஸ். கிருஷ்ணன் யாரையும் திட்டாமல், சிரித்த முகமாகவே அத்தனையும் சொல்லிவிடுகிறார்.

ஒழுகினசேரியில் பிறந்து, நாடகக் கொட்டகையில் சோடா விற்று, டி.கே.எஸ். சகோதரர்கள் குழுவில் நடித்து, 1935-ல் சினிமாவுக்கு வந்த மனுஷன். அப்புறம் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் இரண்டு வருஷத்துக்கு மேல் சிறை. அதிலிருந்து விடுதலையாகி வந்து நடித்த படம் இது, 1949-ல். முகத்தில் கசப்பு துளிகூட இல்லையே!

48 வயதில் போய்விட்டார்.

அப்பா மறுபடி முதலிலிருந்து போட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.